மணிக்காரி

வார நாட்களில் எனக்குத் தபால் அலுவலகம்.
ஊர்ப்பெயரில் இரண்டு எழுத்தை விழுங்கிய உறையையும்
உரிய வீட்டில் சேர்த்துவிடுவேன்.
பிழையைப் படிக்கத் தெரிந்த கண் என்பார்
போஸ்ட்மாஸ்டர் பார்ச்மென்ட்.
அதற்காகத்தானோ என்னவோ
எழுத்துப் போட்டிக்கு மணி அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

சான்டா குரூஸ், மெதடிஸ்ட் சபை மண்டபம்.
பதினாறு பிள்ளைகள், கழுத்தில் எண் அட்டை.
பாலிஷ் போட்ட ஷூக்களின் ஓரத்தில்
செயின்ட் எலிசபெத்தின் செம்மண்.
துடைத்தால் கைக்குட்டைக்கு வரும், ஷூவை விட்டுப் போகாது.

என் மேசையில் ஓட்டல்களில் இருக்கும் தட்டு மணி.
ஆளை வரவழைக்கச் செய்தது,
நான் அனுப்பிவைக்க அடிக்கிறேன்.

டேவோய் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்க்கிறான்.
ஷனீல் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்,
வார்த்தை இமைக்குப் பின்னால் ஒட்டியிருப்பதுபோல.
ரோமெய்ன் காக்கிச் சட்டைப்பையில்
எழுத்துக்கொரு நாணயம் தள்ளுகிறான்.
சில்லறை தீரும்போது அவன் சொல்லும் தீர்கிறது.

சைக்காலஜியின் வாசலில்
வாய் திறக்காத ஒரு 'பி' நிற்கும்.
அதைக் கவனிக்காமல் உள்ளே போனான் ஒரு பையன்.
அடித்தேன்.
அவன் என்னைப் பார்த்து "தேங்க்யூ மிஸ்" என்றான்.

மூன்று மணிக்கு இருவர் மிச்சம்:
டேவோய், கெரீஷா ஈபேங்க்ஸ்.
மூன்றாம் வரிசையில் அவள் அப்பா,
மடியில் தொப்பி, தொப்பிமேல் கைகள்.
மலைச்சரிவில் வெங்காயத்தாளும் தைமும் பயிரிடுகிறவர்.
அந்த மனிதர் உட்கார்ந்ததிலிருந்து
மண்டபமே குழம்பு கொதிக்கும் அடுப்படிபோல மணந்தது.

வாசிப்பவர் மிஸ் லிண்டோ வார்த்தையைச் சொன்னார்.
அர்த்தம் சொல்ல வாயெடுத்தபோது
தகரக் கூரையில் விழுந்தது மழை,
யாரோ லாரியோடு ஜல்லி கொட்டியதுபோல.

மணக்கும் அந்தத் தழைக்கும் ஓடும் நேரத்துக்கும்
எங்கள் மொழியில் ஒரே ஒலி.
கெரீஷா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
மறுபடி கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

டி, ஐ, எம், இ.

அடித்தேன்.
மழையில் என் மணி எனக்கே கேட்கவில்லை.
ஈபேங்க்ஸ் எழுந்து நின்று கைதட்டினார்,
அந்த மண்டபத்தில் ஒற்றை ஆளாய்,
தொப்பி கீழே விழுந்து உருண்டது.
இன்னொரு முறை அடிக்க வேண்டியிருந்தது.
அடித்தேன்.
தட்டிய கைகள் தட்டாமல் நின்றன,
ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி.

டேவோய்க்குக் கோப்பை.
முறையிட விரும்புவோர்க்குப் பத்து நிமிடம்
என்று விதித்தாளில் மூன்றாவது வரி.
மிஸ் லிண்டோ சொன்ன அர்த்தம்
என் மேசை வரைதான் வந்தது,
பிள்ளை நின்ற இடத்துக்குப் போகவில்லை.
இது தெரிந்த ஒரே ஆள் நான்.
பத்து நிமிடமும்
அந்த 'பி'யைப்போல வாசலில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் சந்தை.
ஈபேங்க்ஸின் வண்டிமுன் அதே அட்டை,
சாக்கட்டியில் எழுதியது.
டி, ஐ, எம், இ. கட்டு இருநூறு டாலர்.
ஆறு வருடமாக வாங்குகிறேன்,
ஒரு நாளும் அதைப் படிக்கத் தடுக்கியதில்லை.

இன்று டி-க்கும் ஐ-க்கும் நடுவே
நெருக்கியடித்துக்கொண்டு ஒரு எச்.
ஐ அப்படியே இருந்தது.
யார் கை, எதற்கு அதோடு நிறுத்தியது, தெரியவில்லை.

பள்ளிச் சீருடையில் கெரீஷா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"எத்தனை மிஸ்?"
இரண்டு என்றேன்.
மீதியை என் உள்ளங்கையில்
ஒவ்வொரு நாணயமாக உரக்க எண்ணி வைத்தாள்,
நடுவில் எங்கேயாவது தடுக்கிறேனா பார் என்பதுபோல.

சரியாக இருந்தது.
பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.
தபால் அலுவலகம் திறக்க
இன்னும் நேரம் இருந்தது.